இல்லத்தில் ஓர் ஊடகச் சேவையகம்

யாழ்ப்பாணத்து வீடுகள் பலவற்றிலே பழைய தகரப் பெட்டிகளுள் ஒலிநாடாக்கள் இன்றுங் கிடக்கின்றன. ஊர்க் கோயிற் கொடியேற்றத்தன்று நிகழ்ந்த மேளச் சமா, பாட்டனார் பயன் சொல்லிய புராண படனம், குழந்தையின் முதற் பேச்சு, கடல் கடந்து சென்றவர் கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய குரல் என்பன அவற்றுட் பதிந்துள்ளன. இவற்றைக் கணினிக் கோப்புக்களாக மாற்றிக் கொண்டோர் சிலர் உளர். மாற்றிய பின்னர் அக்கோப்புக்கள் ஒருவருடைய மடிக்கணினியின் ஒரு மூலையிற் கிடக்க, வீட்டில் ஏனையோர் அவற்றைக் கேட்க வழியின்றிப் போதலே பெரும்பான்மை வழக்கு. பெட்டி மாறியதேயன்றிப் பூட்டு மாறவில்லை.

இக்குறையை நீக்குவதே இல்லத்து ஊடகச் சேவையகம். சேவையகம் என்ற பெயரைக் கேட்டு அஞ்சவேண்டா. வீட்டிலுள்ள ஒலிப்பதிவு, ஒளிப்பதிவு, நிழற்படம் யாவற்றையும் ஒரு கணினி தன்னகத்தே வைத்துக்கொண்டு, இடையறாது விழித்திருந்து, விறாந்தையிலுள்ள தொலைக்காட்சியோ அறையிலுள்ள கைப்பேசியோ கேட்டபொழுது கேட்டதை எடுத்துக் கொடுக்குமாயின் அதுவே சேவையகம். கைவிடப்பட்ட பழைய கணினியொன்றும், வன்தட்டொன்றும், லினக்சும் இருப்பின், முன்பின் பழகாதவரும் ஓரிரு நாளில் இதனை அமைத்துக்கொள்ளலாம்.

லினக்ஸ் என்பது கணினியின் உறுப்புக்களை இயக்கி, மற்றை மென்பொருள்கட்கு இடங்கொடுத்து நிற்கும் பணிசெயல் முறைமை. அதன் கருவை 1991 ஆம் ஆண்டிலே, ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் ரோர்வால்ட்ஸ் எழுதி வெளியிட்டார். ரிச்சர்ட் ஸ்ரோல்மன் 1983 இல் அறிவித்த குனூ திட்டத்தின் கருவிகளோடு அக்கரு சேர்ந்தபோது, எவரும் விலையின்றிப் பெறவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் கூடிய முழு முறைமை ஒன்று உருவாயிற்று. அதனைத் தொகுத்து வழங்குவனவற்றுள் 1993 இல் தோன்றிய டெபியனும், அதன் வழிவந்து 2004 இல் வெளியான உபுண்டுவும் தொடக்கநிலையாளர்க்கு ஏற்றவை. ஈண்டுக் கூறுவன டெபியனை நோக்கியவை.

சேவையகமாய்ப் பணிபுரியும் மென்பொருளாக ஜெலிபினைத் தெரிந்துகொள்கின்றோம். அதற்குக் காரணம் உண்டு. எம்பி என்னும் மென்பொருள் முதலில் மூலநிரல் திறந்ததாய் இருந்தது. 2018 இல் அதன் ஆக்கியோர் நிரலை மூடிக்கொண்டனர். ஆயின் முன்னர் வெளியிட்ட நிரல் பொது உரிமத்தின் கீழ் வழங்கப்பட்டிருந்தமையால், அதனை மீளப் பறித்தல் அவர்க்கும் இயலாதாயிற்று. தன்னார்வலர் சிலர் அந்நிரலைக் கொண்டே அவ்வாண்டு டிசெம்பரில் ஜெலிபினைத் தொடங்கினர். இத்துறையிற் பெயர்பெற்ற மற்றொன்றாகிய பிளெக்ஸ், ஒருவர் தம் வீட்டிலுள்ள தம் கோப்பை வெளியூரிலிருந்து தாமே காண்பதற்கு 2025 ஏப்பிரிலிலிருந்து கட்டணம் வேண்டலாயிற்று. வணிகர் கட்டணம் கேட்டல் குற்றமன்று. எனினும், பாட்டனாரின் குரலைக் கேட்பதற்கான வழி இன்னொருவருடைய வணிகத் தீர்மானத்திலே தங்கியிருத்தல் நன்றன்று என்பது எம் கருத்து.

இனிக் கணினியை நோக்குவாம். 4 கிகாபைற்று நினைவகம் உள்ள பழைய கணினியும் தொடங்குதற்குப் போதும். 8 இருப்பின் நன்று. முறைமையை ஒரு சிறு தட்டிலும் ஊடகங்களை வேறொரு பெருந்தட்டிலும் வைத்தல் வேண்டும். இப்பிரிவினையின் பயன் பின்னர் விளங்கும். மின்செலவையும் எண்ணிப் பார்த்தல் தகும். இடையறாது 60 உவாற்று உண்ணும் மேசைக் கணினி ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 525 அலகு மின்சாரம் கொள்ளும். 10 உவாற்றுச் சிறுகணினி 88 அலகுடன் அமையும். பழையது இலவசமாகக் கிடைத்தாலும், மின்பட்டியல் அவ்விலவசத்தைச் சில ஆண்டுகளில் அறவிட்டுவிடும். இடவசதிக்கோ அதிகம் வேண்டுவதில்லை. ஒரு மணிநேர ஒலிநாடாவை இறுவட்டின் தரத்திற் பதிந்தால் ஏறத்தாழ 635 மெகாபைற்று ஆகும். நூறு நாடாக்களும் 64 கிகாபைற்றுக்குள் அடங்கும். ஒலி சிறிதும் குன்றாமற் சுருக்கும் பிளாக் என்னும் வடிவத்தில் வைத்தால் இதனினும் பெரிதுங் குறையும்.

டெபியனின் நிறுவற் கோப்பை வேறொரு கணினியில் இறக்கிப் பென்ரைவ் ஒன்றில் எழுதி, அதிலிருந்து பழைய கணினியைத் தொடக்குக. நிறுவும் வேளையில் ஊடகத் தட்டைக் கழற்றி வைத்தல் மிக அவசியம். நிறுவல் ஒரு தட்டை முற்றாக அழித்து எழுதும், எத்தட்டென்று கேட்கும் திரையிலே புதியவர் தடுமாறுவர். தலைமைப் பயனராகிய ரூற்றுக்குக் கடவுச்சொல் கேட்குமிடத்து ஒன்றும் இடாது விட்டால், அடுத்து நாம் அமைக்கும் பயனருக்குச் சூடோ என்னும் அதிகாரம் தானே கிடைக்கும். கடவுச்சொல் இட்டுவிட்டுப் பின்னர்ச் சூடோ இயங்கவில்லை என்று வருந்துவோர் பலர். திரைக்காட்சிச் சூழல் வேண்டியதில்லை. தொலைவிலிருந்து கட்டளையிட உதவும் எஸ்.எஸ்.எச். ஒன்றே போதும். நிறுவிய பின் வீட்டு றௌற்றரின் அமைப்பினுட் சென்று இக்கணினிக்கு மாறா முகவரியொன்றை ஒதுக்குக. முகவரி நாள்தோறும் மாறுமாயின் தொலைக்காட்சி அதனைத் தேடி அலையும்.

ஜெலிபின் திட்டத்தார் தம் தளத்திலே தந்துள்ள நிறுவற் கட்டளையை இட்டதும் மென்பொருள் அமைந்துவிடும். வேறொரு கணினியின் உலாவியிலே சேவையகத்தின் முகவரியையும், முக்காற்புள்ளியை அடுத்து 8096 என்னும் வாயில் எண்ணையும் இட்டால் வரவேற்புத் திரை தோன்றும். இதுவரை இடர் இல்லை. பதிவுகள் உள்ள கோப்புறையைச் சுட்டிய பின்னரே, ‘ஒன்றுமில்லை’ என்னும் வெறுந்திரை பலரைத் திகைக்கச் செய்கின்றது. கோப்புக்கள் கண்ணெதிரே இருக்கின்றன. சேவையகமோ இல்லை என்கின்றது.

இதன் காரணத்தை உணர்ந்தவர் லினக்சின் பாதியை உணர்ந்தவராவர். சேவையகம் நாம் அன்று. நிறுவும்பொழுதே ஜெலிபின் என்னும் பெயரில் வேறொரு பயனர் அக்கணினியில் உண்டாக்கப்பட்டுவிட்டார். அவரை நம் வளவிலே வந்து தங்கிய வேற்றாளாகக் கருதுக. நம் பெட்டகத்தைத் திறக்க அவருக்கு உரிமை இல்லை. நாம் கொடுத்தாலன்றி வாராது. லினக்சில் ஒவ்வொரு கோப்புக்கும் உடையவர், குழு, ஏனையோர் என மூவகையார் உளர். ஒவ்வொரு வகையார்க்கும் படித்தல், எழுதுதல், இயக்குதல் என மூன்று உரிமைகள். படித்தலுக்கு 4, எழுதுதலுக்கு 2, இயக்குதலுக்கு 1 என எண் கொடுத்துக் கூட்டி வழங்குவர். 644 என்பது உடையவர் படிக்கவும் எழுதவும், ஏனை இருவகையார் படிக்க மட்டுமே ஆம் என்பதைக் குறிக்கும்.

கோப்புறையைப் பொறுத்தவரை இயக்குதல் என்பதன் பொருள் வேறு. அது ஊடு செல்லும் உரிமை. படித்தல் உள்ளிருப்பனவற்றின் பெயர்ப்பட்டியலைக் காணவிடும். ஊடு செல்லும் உரிமை இன்றேல் அப்பொருள்களை அணுக முடியாது. அன்றியும், பாதையிலுள்ள எல்லாக் கோப்புறைகளிலும் அவ்வுரிமை வேண்டும். அறைக் கதவு திறந்திருந்தும் தெருப்படலை சாத்தியிருப்பின் வந்தவர் ஒழுங்கையிலேயே நிற்பார். புதியவர்க்கு நேர்வது இதுவே. திரைக்காட்சிச் சூழலுள்ள உபுண்டு போன்றவற்றிலே வன்தட்டைச் செருகியதும் அது மீடியா என்னும் கோப்புறையினுள், நம் பெயர்கொண்ட உட்கோப்புறையிற் பொருத்தப்படுகின்றது. அவ்வுட்கோப்புறைக்குள் நாமன்றிப் பிறர் நுழைதல் இயலாது. உள்ளே எத்துணை உரிமை வழங்கினும் படலை பூட்டியபடியே இருக்கும்.

ஆதலால், பிறர்க்கு வழங்கும் பொருள்கட்கென்றே லினக்சில் வகுக்கப்பட்ட எஸ்-ஆர்-வி என்னும் கோப்புறையினுள் ஓர் இடம் அமைத்து, தட்டை அங்கே நிலையாகப் பொருத்துதல் வேண்டும். இதற்கெனவுள்ள எவ்-எஸ்-ராப் என்னும் அட்டவணைக் கோப்பில், தட்டின் சாதனப் பெயரை எழுதாது, அதற்குரிய நீண்ட அடையாள எண்ணை எழுதுக. சாதனப் பெயர்கள் கணினி மீளத் தொடங்கும்போது மாறவுங்கூடும். அவ்வரியில் ‘நோபெயில்’ என்னும் விருப்பத்தையும் சேர்த்தல் நலம். அஃதின்றேல், தட்டுப் பழுதான நாளில் முறைமை அதற்காகக் காத்திருந்து, இறுதியில் அவசர நிலையிற் போய் நின்றுவிடும். பின்னர்க் கோப்புறைகட்கு 755, கோப்புக்களுக்கு 644 என உரிமை வகுத்தால் ஜெலிபின் படிக்கும், அழிக்க மாட்டாது. அழிக்க மாட்டாமையும் நமக்கு வேண்டியதே. ஐயமிருப்பின், சூடோவைக் கொண்டு ஜெலிபின் பயனராகவே நின்று அக்கோப்புறையின் பட்டியலைக் கேட்டுப் பார்க்கலாம். அவருக்குத் தெரிவதே சேவையகத்துக்குத் தெரியும். வின்டோசிலிருந்து வந்த என்.ரி.எவ்.எஸ். தட்டாயின் இவ்வுரிமை மாற்றம் பெரும்பாலும் பற்றாது. பொருத்தும் வரியிலேயே உடையவரைக் குறித்தல் வேண்டும். இயலுமாயின் பதிவுகளை வேறிடத்தில் வைத்துவிட்டு, அத்தட்டை ஈ-எக்ஸ்-ரி 4 என்னும் வடிவத்துக்கு மாற்றுதலே சிறந்தது.

எல்லார்க்கும் எல்லா உரிமையும் தரும் 777 என்னும் எண்ணை இட்டால் இடர் தீரும் எனக் கூறுவோர் உளர். யாமும் ஓரிரவு அதனை இட்டோம். பாதையின் முதற் சாய்கோட்டுக்குப் பின் ஓர் இடைவெளி தவறுதலாக வீழ்ந்துவிட்டது. ஒரு கோப்புறைக்கு என எண்ணிய கட்டளை முறைமை முழுவதன்மேலும் பாய்ந்தது. தனக்குரிய சிறப்புரிமைக் குறி அழிந்தமையால் சூடோ இயங்க மறுத்தது; மறைவாய் இருக்கவேண்டிய திறவுகோல்கள் யாவர்க்கும் வெளியானமையால் எஸ்.எஸ்.எச். மறுத்தது. முறைமையை மீள நிறுவுதலன்றி வேறு வழி இருக்கவில்லை. பதிவுகள் வேறு தட்டில் இருந்தமையால் அவற்றுள் ஒன்றும் அழியவில்லை. தட்டுக்களைப் பிரித்து வைக்கச் சொன்னது இதுபற்றியே.

கோப்புக்களுக்குப் பெயரிடல் சிறு செய்தியாயினும் பலர் இடறுமிடம். திரைப்படமாயின் பெயரும் பிறைக்குறியுள் ஆண்டும் இட்டு, ஒவ்வொன்றையும் தனிக் கோப்புறையில் வைத்தால் ஜெலிபின் அதன் விவரங்களை இணையத்திலிருந்து தேடிக்கொள்ளும். வீட்டு ஒளிப்பதிவுகளை அவ்வாறு தேடவிடுதல் கூடாது. மாமாவின் திருமணப் பதிவுக்கு யாரோ ஒருவர் நடித்த படத்தின் முகப்பை அது சூட்டிவிடும். அவற்றுக்கு வீட்டு ஒளிப்பதிவு என்னும் நூலக வகையைத் தெரிக. பெயர்கள் தமிழிலேயே இருக்கலாம். பாமினி எழுத்துருவிலே தட்டச்சிட்ட பழைய பட்டியல்களை மட்டும் யூனிக்கோட்டுக்கு மாற்றியாக வேண்டும். அன்றேல் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாகவே தோன்றும்.

ஒளிப்பதிவு தடக்கித் தடக்கி ஓடுமாயின் காரணம் பெரும்பாலும் இரண்டிலொன்று. சுவர்கள் பல கடந்துவரும் வைபை வலுக்குன்றியிருக்கலாம். தொலைக்காட்சியையும் சேவையகத்தையும் கம்பியால் இணைத்தால் இது தீரும். மற்றையது, தொலைக்காட்சி அறியாத குறிமுறையிற் படம் இருத்தல். அப்போது சேவையகம் படத்தை அவ்வப்போதே மாற்றிக் கொடுக்க முயன்று இளைக்கும். மாற்றும் வேலையை இன்ரெல் புரொசெசரிலுள்ள வரைவியற் பகுதியிடம் ஒப்படைத்தால் சுமை பெரிதுங் குறையும். அதற்கும் ஜெலிபின் பயனரை ‘ரெண்டர்’ என்னும் குழுவிற் சேர்த்தல் வேண்டும். ஈண்டும் அதே வேற்றாள், அதே படலை.

ரொறன்ரோவிலும் இலண்டனிலும் உள்ள உறவினர் கேட்க விரும்புவது இயல்பு. அதற்கென றௌற்றரின் வாயிலை உலகுக்குத் திறந்துவிடுதல் தகாது. 2020 ஆம் ஆண்டில் லினக்ஸ் கருவினுள்ளேயே சேர்க்கப்பட்ட வயர்காட் என்னும் மறைவழியைப் பயன்படுத்தினால், திறவுகோல் பெற்றவர் மட்டும் உள்ளே வரலாம்.

இனி, பலர் விளங்காது விடும் ஒன்று. சேவையகம் வழங்குமேயன்றிக் காக்காது. ஒரே தட்டில் உள்ள பதிவு அத்தட்டின் ஆயுளே ஆயுளாக உடையது. இரு தட்டுக்களில் ஒருங்கே எழுதும் அமைப்பும் தட்டுப் பழுதுக்கு மட்டுமே மருந்து. தவறுதலாக அழித்ததை அது இரு தட்டிலும் உடனே அழிக்கும். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது, பிறிதோரிடத்திற் படியிருந்த நூல்களை மீளத் தேடிப் பெற முடிந்தது. படியில்லாத ஏடுகள் இல்லையாயின. ஆகலின் இரண்டாம் தட்டொன்று வாங்கி, ஆர்சிங்க் என்னும் கருவியாற் படியெடுத்து, அதனை வேறொரு வீட்டிலே வைத்தல் வேண்டும். ஆர்சிங்க் முன்னர் எடுத்த படியோடு ஒப்பிட்டு, மாறியவற்றை மட்டும் எழுதும். எனவே முதன்முறை நீண்ட நேரம் எடுப்பினும் அடுத்தமுறை சில நிமிடத்தில் முடியும். மூலத்தில் இல்லாதவற்றைப் படியிலும் அழிக்கும் விருப்பம் அதில் உண்டு. அதனைத் தொடக்கத்திற் சேர்க்க வேண்டா. எதனையும் எழுதாமல் என்ன செய்யப்போகின்றது என்று மட்டும் காட்டும் ஒத்திகை விருப்பமும் உண்டு. ஒவ்வொரு முறையும் அதனை முதலில் இயக்கிப் பார்க்க. அவ்வீட்டிலிருந்து தட்டை எடுத்துவரும் நாளில், அதிலுள்ள ஒரு நாடாவையேனும் தொடக்கமுதல் முடிவுவரை கேட்டுவிட்டுத் திருப்பி அனுப்புக.