ஒரே எந்திரம், பல குரல்கள்
பெங்களூர் வானில் ஜெட் விமானங்களின் ஒலி

பெங்களூர் நகரின் கண்டோன்மெண்ட் பகுதியைச் சேர்ந்த காக்ஸ் டவுன் வாசிகளுக்கு ஆகாயத்து ஓசை புதியதன்று. சென்னை செல்லும் இருப்புப் பாதை ஒருபுறம் ஓடுகிறது; தென்கிழக்கே நேர்க்கோட்டில் ஏறத்தாழ 7 கிலோமீட்டர் தொலைவில் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையின் ஓடுபாதை கிடக்கிறது. 1940-ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கப்பெற்ற அத்தொழிற்சாலையிலிருந்து வாம்பயர், நாட், மாருத், கிரண் என ஒன்றன்பின் ஒன்றாக ஜெட் விமானங்கள் எழும்பின. தலைநிமிர்ந்து பாராமலே, காதால் கேட்டு மட்டும், “இது இன்ன விமானம்” என்று கூறும் பழக்கம் இத்தகைய ஊர்களில் இயல்பாக உண்டாகிவிடுகிறது. அவ்வாறு கூற முடிவது எதனால்? ஜெட் விமானங்கள் யாவும் காற்றை உள்ளிழுத்து, அழுத்தி, எரித்து, பின்புறம் உமிழ்பவையே அல்லவா? அவற்றின் குரல்கள் வேறுபடுவானேன்?

முதலில் தூரத்தைக் கவனிப்போம். பெங்களூரின் சாதாரண வெப்பநிலையில் ஒலி வினாடிக்குச் சுமார் 346 மீட்டர் செல்கிறது. ஆகவே ஓடுபாதையில் விமானம் முழு விசையுடன் புறப்படும் ஒலி காக்ஸ் டவுனை எட்ட 20 வினாடிகள் ஆகும். வழியில் அவ்வொலி மாற்றமும் அடைகிறது. காற்று எல்லா ஒலிகளையும் ஒரே அளவில் விழுங்குவதில்லை. வினாடிக்கு 4,000 அதிர்வுகள் கொண்ட கீச்சொலி கிலோமீட்டருக்கு 25 டெசிபெல் அளவில் தேய்ந்துவிட, 100 அதிர்வுகள் கொண்ட உறுமலோ ஒரு டெசிபெல் கூடக் குறைவதில்லை. ஓடுபாதையின் அருகே நிற்பவர் கேட்கும் சீழ்க்கையொலி காக்ஸ் டவுன் மொட்டை மாடியில் கேட்காமல், உறுமல் மட்டும் வந்து சேர்வதன் காரணம் இதுவே. மார்கழி விடியற்காலையில் அவ்வுறுமல் வழக்கத்தை விடத் தெளிவாகக் கேட்கும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் அதன் மேலுள்ள காற்று வெதுவெதுப்பாகவும் இருக்கும் அவ்வேளையில், மேல்நோக்கிச் சென்ற ஒலியலைகள் வளைந்து மீண்டும் தரைக்கு இறங்குகின்றன. நண்பகலில் நிலைமை தலைகீழாகிறது. புகை மேலே எழாமல் தாழப் படரும் காலையில் தொலைதூர ஒலி நன்றாகக் கேட்பதைக் கிராமப்புறத்தில் பணிபுரிவோர் தாமே சோதித்து அறியலாம்.

இனி விமானத்துக்குள் செல்வோம். ஜெட் விமானத்தின் ஒலிக்கு முக்கியமான பிறப்பிடங்கள் இரண்டு. ஒன்று, முன்புறமுள்ள காற்றமுக்கி. அதில் சக்கரத்தைச் சுற்றிப் பொருத்திய தகடுகள் மிகுந்த வேகத்தில் சுழல்கின்றன. ஒவ்வொரு தகடும் ஓரிடத்தைக் கடக்கும்போது காற்றை ஒருமுறை தட்டுகிறது. எடுத்துக்காட்டாக, 20 தகடுகள் கொண்ட சக்கரம் நிமிடத்துக்கு 9,000 முறை சுழல்வதாகக் கொள்க. வினாடிக்கு 150 சுற்று. 20 ஆல் பெருக்கினால் வினாடிக்கு 3,000 தட்டுக்கள். அதுவே காதைத் துளைக்கும் கீச்சொலியாகிறது. மிதிவண்டிச் சக்கரத்தின் ஆரங்களில் அட்டைத் துண்டைச் செருகிச் சுழற்றும் சிறுவர் விளையாட்டும் இதே தத்துவந்தான். இவ்வொலி காற்று நுழையும் வாய் வழியே முன்னோக்கிப் பரவுகிறது.

மற்றொரு பிறப்பிடம் பின்புறம் பாயும் வாயுத்தாரை. வேகமாகப் பாயும் வாயு, அசையாத வெளிக்காற்றுடன் உராய்ந்து கலக்குமிடத்தில் சிறிதும் பெரிதுமாகச் சுழிகள் தோன்றுகின்றன. அவற்றிலிருந்து பிறக்கும் இரைச்சல் பின்புறமாக, தாரைக்குச் சாய்வான திசையில் மிகுதியாகப் பரவும். எனவேதான் நம்மை நோக்கி வரும் ஜெட் விமானம் சீழ்க்கையடித்துக்கொண்டு வருகிறது. தலைக்கு மேல் கடந்ததும் இடியென முழங்குகிறது.

இந்த முழக்கத்தின் அளவை முதன்முதலாகக் கணக்கிட்டுக் காட்டியவர் இங்கிலாந்தின் மாஞ்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கணித அறிஞர் ஜேம்ஸ் லைட்ஹில். வாயுத்தாரையின் ஒலித்திறன் அதன் வேகத்தின் எட்டாம் அடுக்குக்கு ஏற்ப உயர்கிறது என்று 1952-இல் அவர் நிறுவினார். முதன்முறை படிப்பவர் இதை அச்சுப்பிழையோ என்று ஐயுறுவது இயல்பு. இயற்கை விதிகளில் இரண்டாம், மூன்றாம் அடுக்குகளையே நாம் பெரிதும் காண்கிறோம். ஆயினும் எட்டேதான். தாரையின் வேகத்தைப் பாதியாக்கினால் ஒலித்திறன் 256-இல் ஒரு பங்காகிறது. நூற்றுக்குப் பத்துப் பங்கு குறைத்தாலே ஒலித்திறன் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். இன்றைய பயணிகள் விமானங்கள் பெரிய விசிறி மூலம் மிகுந்த காற்றை மெதுவாகத் தள்ளுவதால் அடக்கமாக ஒலிக்கின்றன. அக்காலத்துப் போர் விமானங்களோ குறைந்த அளவு காற்றை மிக விரைவாக உமிழ்ந்தவை; எட்டாம் அடுக்கு விதியின் முழுக் கொடுமையையும் நம் செவிகளுக்குக் காட்டியவை.

இவற்றுள் பெங்களூருக்கே உரிய விசேஷம் ஒன்றுண்டு. இந்திய விமானப் படை 1948-இல் பெற்ற முதல் ஜெட்டாகிய வாம்பயர், காற்றை மையத்திலிருந்து விளிம்புக்கு வீசி அழுத்தும் பழைய முறை எந்திரம் கொண்டது. அதன் பின்னர் வந்தது ஆர்ஃபியஸ் எந்திரம். அடுக்கடுக்காக ஏழு வரிசைத் தகடுகளால் காற்றை நேராகப் பின்னோக்கி அழுத்திச் செல்லும் இவ்வெந்திரம் பெங்களூரிலேயே உற்பத்தி செய்யப்பட்டது. 1959-இல் இங்கு பறக்கத் தொடங்கிய நாட் விமானத்தில் ஓர் ஆர்ஃபியஸ் இருந்தது. ஜெர்மானிய நிபுணர் குர்ட் டாங்க் தலைமையில் வடிவமைக்கப்பட்டு, 1961 ஜூன் 17-ஆம் நாள் சுரஞ்சன் தாஸ் ஓட்டிச் சென்ற மாருத் விமானத்தில் இரண்டு. நாட்டிலிருந்து உருவான அஜீத் விமானத்தில் ஒன்று. கிரண் பயிற்சி விமானத்தின் இரண்டாம் வகையிலும் ஒன்று. ஒரே எந்திரம், நான்கு உடல்கள்! எந்த ஆராய்ச்சிச் சாலையும் திட்டமிட்டுச் செய்யாத ஒரு சோதனை இவ்வூர் வானத்தில் பல்லாண்டுகள் நடந்தது.

ஒலி எந்திரத்தினுடையது மட்டுமே எனில் நான்கும் ஒரே குரலில் பேசியிருக்க வேண்டும். ஆனால் குரல்வளையில் பிறக்கும் ஒலி, தொண்டையிலும் வாயிலும் உருமாறி வெளிவருவதன்றோ? விமானத்திலும் அவ்வாறே. நாட் சுமார் 9 மீட்டரே நீளமுள்ள சிறு விமானம். மாருத் ஏறத்தாழ 16 மீட்டர். காற்று நுழையும் வாயின் வடிவம், அதிலிருந்து காற்றமுக்கி வரை செல்லும் குழாயின் நீளம், வளைவு ஆகியவை கீச்சொலியில் எவ்வளவு வெளிவரும் என்பதைத் தீர்மானிக்கின்றன. மாருத்தில் மற்றொரு காரணமும் சேர்ந்தது. பக்கம் பக்கமாக உள்ள இரு எந்திரங்கள் சிறிதும் வேறுபாடின்றி ஒரே வேகத்தில் சுழல்வது அரிது. ஒன்று வினாடிக்கு 3,000 அதிர்வுகளும் மற்றொன்று 3,003 அதிர்வுகளும் எழுப்பினால், வினாடிக்கு மூன்று முறை ஒலி ஏறி இறங்கும். இதனை விம்மல் என்பர். தம்பூராவின் தந்திகளைச் சுருதி கூட்டுவோர் தேடி ஒழிப்பது இந்த விம்மலையே. எந்திரம் இரண்டானால் சத்தமும் இருமடங்காகக் கேட்கும் என்று எண்ணுதல் தவறு என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். ஒலித்திறன் இரட்டித்தாலும் டெசிபெல் கணக்கில் 3 மட்டுமே கூடும்.

எந்திரத்துக்கு அப்பாற்பட்ட ஒலிக்குச் சிறந்த சான்று, பெங்களூரில் பிறவாத ஹண்டர் விமானம். 1957 முதல் நம் விமானப் படையில் நெடுங்காலம் பணிபுரிந்து, 1971 டிசம்பரில் லோங்கேவாலாப் பாலைவனத்தில் பெயர் பெற்றது. குறிப்பிட்ட வேகத்தில் அது கடக்கும்போது, யாரோ பெரிய புல்லாங்குழலை ஊதுவது போன்ற ஊளையொலி எழும். விமான ரசிகர்கள் இதை “நீலச் சுரம்” என்று அழைப்பர். மூக்கின் அடியில் உள்ள நான்கு பீரங்கித் துளைகளின் மேல் காற்று பாய்வதே இதன் காரணம் எனக் கூறப்படுகிறது. வாய் திறந்த சீசாவின் விளிம்பில் ஊதினால் ஒலி எழுவதை வகுப்பறையில் காட்டாத ஆசிரியர் இரார். ஒரு முனை மூடிய 25 சென்டிமீட்டர் குழாயில் ஒலியலையின் கால் பங்கு அடங்கும். ஆகவே அலையின் நீளம் ஒரு மீட்டர், அதிர்வுகள் வினாடிக்குச் சுமார் 340. திறந்த குழிகளின் மேல் வேகமாகச் செல்லும் காற்று எவ்வாறு ஒலி எழுப்புகிறது என்பதை இங்கிலாந்தில் ராசிட்டர் என்பவர் 1964-இல் காற்றுச் சுரங்கச் சோதனைகளால் ஆராய்ந்தார். விமானத்தின் குண்டு அறையைத் திறந்தால் அதனுள் எழும் அதிர்வு கருவிகளைப் பழுதாக்கக்கூடும் என்பதால் இது வெறும் வேடிக்கை ஆராய்ச்சியன்று.

மாருத்தின் கதையில் ஒலிக்காத ஒலி ஒன்றும் உண்டு. ஒலியின் வேகத்தைப் போல் இருமடங்கு செல்லவேண்டும் என்ற நோக்குடன் அமைக்கப்பட்ட விமானம் அது. அதற்கென எண்ணியிருந்த வலிமை மிகுந்த ஆர்ஃபியஸ் எந்திரத்தின் வளர்ச்சிப் பணி இங்கிலாந்தில் கைவிடப்பட்டது. கிடைத்த எந்திரங்கள் ஒவ்வொன்றும் சுமார் 2,200 கிலோகிராம் உந்துவிசையே தந்தன. விமானம் ஒலியின் வேகத்தருகே நின்றுவிட்டது. தாரையில் மீண்டும் எரிபொருளைத் தெளித்து எரிக்கும் பின்னெரிப்பு முறையால் குறையை ஈடு செய்யும் முயற்சி பெங்களூரில் நடைபெற்றது. பின்னெரிப்பு தாரையின் வேகத்தை உயர்த்துவது. உயர்ந்தால் எட்டாம் அடுக்கு விதி வேலை செய்யும். வெறும் முழக்கத்துடன் காகிதத்தைக் கிழிப்பது போன்ற படபடப்பும் அப்போது சேரும். அவ்வகை மாருத்தைச் சோதித்தபோது, 1970 ஜனவரி 10 அன்று புறப்பாட்டு விபத்தில் சுரஞ்சன் தாஸ் உயிர் நீத்தார். பழைய மதராஸ் சாலையிலிருந்து விமான நிலையம் நோக்கிச் செல்லும் சாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஒலியை மிஞ்சிய விமானத்தின் முழக்கத்தை நகரம் எதிர்பாராத ஒரு நாளில் கேட்டது. 2020 மே 20 புதன்கிழமை, பிற்பகல் ஒன்றேகால் மணி கடந்திருக்கும். கொள்ளை நோய்க் கட்டுப்பாடுகளால் வீதிகள் அமைதியாக இருந்த காலம். திடீரென வெடி முழக்கம் போன்ற பேரோசை. கிழக்குப் பகுதிகளில் பலகணிக் கண்ணாடிகள் அதிர்ந்தன. நிலநடுக்கம் என்றனர் சிலர். வெடிவிபத்து என்றனர் சிலர். மாநில இயற்கைப் பேரிடர் கண்காணிப்பு மையத்தின் நிலநடுக்கக் கருவிகள் எதையும் பதிவு செய்யவில்லை. மாலையில் பாதுகாப்புத் துறை விளக்கம் தந்தது. விமானப் படையின் சோதனை நிறுவன விமானம் ஒன்று நகர எல்லைக்கு வெகு தொலைவில் ஒலியை மிஞ்சிய வேகத்தில் பறந்தது. 36,000 அடிக்கும் 40,000 அடிக்கும் இடையில் வேகத்தைக் குறைத்தபோது எழுந்த ஒலியே அது. 65 முதல் 80 கிலோமீட்டர் வரை அவ்வொலி கேட்கக்கூடும்.

இவ்விளக்கத்தைக் கேட்ட பலரும், ஒலியின் வேகத்தைக் கடக்கும் அந்த ஒரு கணத்தில் மட்டுமே முழக்கம் எழுகிறது என்று கருதினர். அது பிழை. படகு செல்லும் நேரமெல்லாம் அதன் இருபுறமும் நீரலை விரிவது போல, விமானம் ஒலியை மிஞ்சிப் பறக்கும் நேரமெல்லாம் அதிர்ச்சி அலை கூம்பு வடிவில் அதனைத் தொடர்கிறது. கூம்பின் விளிம்பு எவரைக் கடக்கிறதோ அவருக்கு முழக்கம் கேட்கும். மூக்கிலிருந்து ஒன்றும் வாலிலிருந்து ஒன்றுமாக, சில வேளைகளில் இரட்டை வெடியாகவே கேட்கும். அது உண்டாக்கும் அழுத்த மாற்றம் காற்றின் அழுத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, பெரும்பாலும் அதிலும் குறைவு. ஆனால் கண நேரத்தில் நிகழ்வதால் கதவும் கண்ணாடியும் அதிர்கின்றன. 65 கிலோமீட்டரைக் கடக்க ஒலிக்கு மூன்று நிமிடங்களுக்கு மேல் வேண்டும் என்பதையும் கணக்கில் கொள்க. மக்கள் வானத்தை அண்ணாந்து பார்த்த வேளையில் அந்த விமானம் அந்த இடத்திலேயே இல்லை.

ஒலியை மிஞ்சினாலும் முழக்கம் தரைக்கு எட்டாத நிலையும் உண்டு. 11 கிலோமீட்டர் உயரத்தில் கடுங்குளிரால் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 295 மீட்டர், தரைமட்டத்தில் 340. அலை கீழே இறங்க இறங்க வெப்பமான காற்றில் வேகம் பெற்று மேல்நோக்கி வளைகிறது. 340-ஐ 295-ஆல் வகுத்தால் வருவது 1.15. காற்றோட்டத்தைக் கருதாவிடில், அவ்வுயரத்தில் சமமட்டமாக ஒலியின் வேகத்தைப் போல் 1.15 மடங்குக்கும் குறைவாகப் பறக்கும் விமானத்தின் அதிர்ச்சி அலை, தரையைத் தொடாமலே திரும்பிவிடும். மார்கழிக் காலையில் உறுமலைக் காக்ஸ் டவுனுக்கு வளைத்துக் கொணர்ந்ததும் இதே வெப்ப வேறுபாடே. அங்கு கீழ்நோக்கி, இங்கு மேல்நோக்கி.

ஒலியின் இன்பத்தைப் பேசும்போது அதன் தீங்கை மறைத்தல் தகாது. அமெரிக்கத் தொழில்நல ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரைப்படி நாளொன்றுக்கு 8 மணி நேரம் தாங்கத்தக்க அளவு 85 டெசிபெல்; 3 டெசிபெல் கூடுந்தோறும் நேரம் பாதியாக வேண்டும். 100 டெசிபெல்லில் 15 நிமிடமே. ஓடும் ஜெட் எந்திரத்தின் அருகிலோ 130-க்கும் மேல் செல்லும். அங்கே காதடைப்பானும் காதுறையும் சேர்த்து அணிவதே முறை. இரைச்சலால் கெடும் செவி முதலில் இழப்பது 4,000 அதிர்வுகளை ஒட்டிய மெல்லொலிகளை. பேச்சில் சகர ஒலிகள் மங்கும். குழந்தைகளின் குரல் புரியாது. உரத்துப் பேசினாலும் தெளியாது. எந்திரத்தின் கீச்சொலியைக் கேட்டே அதன் நலம் அறிந்த தொழிலாளி, கடைசியில் அந்தக் கீச்சொலியையே கேட்க இயலாதவராகிறார். இழந்த உணர்ச்சி நரம்பு மீள வளர்வதில்லை.

நாட் 1970-களின் இறுதியிலும் மாருத் 1990-லும் அஜீத் 1991-லும் விமானப் படையிலிருந்து விடைபெற்றன. ஆர்ஃபியஸின் குரலோ கிரண் இரண்டாம் வகையில் தங்கியது. 1996-இல் தோன்றிய சூரிய கிரண் குழு 2011 வரை அவ்விமானங்களிலேயே எலகங்கா வானில் வித்தை காட்டியது. மிக்-21 விமானமும் 2025 செப்டம்பர் 26-ஆம் நாள் சண்டிகரில் ஓய்வு பெற்றது. மாருத்தைக் காண விரும்பும் மாணவர்களைப் பெங்களூர் ஹெச்.ஏ.எல். அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லலாம். உரிய அனுமதியுடன் காற்று நுழையும் வாயின் அகலத்தையும், அங்கிருந்து எந்திரம் வரையுள்ள நீளத்தையும் அவர்களே அடிக்கோலால் அளந்து, திரும்பியபின் அந்நீளமுள்ள குழாய் எந்தச் சுரத்தில் ஒலிக்கும் என்று கணக்கிட்டுப் பார்க்கட்டும்.