ஒரு ஸ்பூன் என்றால் எத்தனை மில்லி?



எங்கள் வீட்டில் முதல் படிப்பு என் படிப்புதான். அதனால் மருந்து லேபிளைப் படிப்பதும் என் வேலை.

போன குறுவை நடவு சமயம். தடுப்பூசி போட்டு வந்த அண்ணன் மகனுக்குக் கால் வீங்கி வலி, காய்ச்சல். அண்ணி நடவுக்குப் போயிட்டாங்க. "ஒரு ஸ்பூன் ஊத்துடா, புள்ள அழுவுது" என்று அப்பாயி ஸ்பூனை நீட்டியது. வீட்டில் இரண்டு பாட்டில், இரண்டும் பாரசிட்டமால். லேபிளைப் பார்த்தேன். ஒன்றில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம். மூத்தவளுக்கு வாங்கிய மற்றதில் 250. கை நின்றுவிட்டது. சுகாதார நர்ஸம்மாவிடம் ஓடினேன்.

"வயசைப் பாக்காதப்பா, எடையைப் பாரு" என்றார். ஒரு கிலோ எடைக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். எங்கள் பையன் 10 கிலோ. ஆக, 100 முதல் 150 வரை. 125 பாட்டில் என்றால் 4 முதல் 6 மில்லி. 250 என்றால் 2 முதல் 3 மில்லிதான். மில்லிக்கு 100 உள்ள சொட்டு மருந்து என்றால் ஒன்று முதல் ஒன்றரை மில்லியே!

அப்பாயி நீட்டிய ஸ்பூனைப் பிறகு அளந்தேன்; 12 மில்லி பிடித்தது. 250 மருந்தில் அது 600 மில்லிகிராம், நாலு மடங்கு! அளவு மிஞ்சினால் கல்லீரல் கெடும். முதல் நாள் பிள்ளை நன்றாக இருப்பதுபோலவே தெரியும். அதனால் அளவு கூடிவிட்டால் காத்திருக்காமல், பாட்டிலோடு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஒர்க்‌ஷாப்பில் அரை மில்லிமீட்டர் பிசகினால் சார் ஜாப்பைத் தூக்கிப் போடுகிறார். பிள்ளை வயிற்றுக்குப் போவதற்கு மட்டும் கண் மதிப்பா?

மறக்கக் கூடாதவை:

• பாட்டிலோடு வரும் மூடி அல்லது ஊசியில்லா சிரிஞ்சால் அளக்கவும்.

• 6 மணி நேர இடைவெளி. ஒரு நாளைக்கு 4 வேளைக்கு மேல் வேண்டாம். கொடுத்த நேரத்தை எழுதி வைக்கவும்.

• சளி மருந்திலும் பாரசிட்டமால் இருக்கலாம். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் அளவு கூடிவிடும்.

• பெரியவர் மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள். பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் ஆகாது. மழைக்காலக் காய்ச்சல் டெங்குவாக இருக்கலாம். அதில் இபுபுரூஃபனும் ஆபத்து. நிமசுலைடு 12 வயதுக்குட்பட்டோருக்கு 2011-லேயே தடை செய்யப்பட்டது.

• 3 மாதம் நிறையாத குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் நேரே டாக்டரிடம்தான்.

2025-ல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான 'கோல்ட்ரிஃப்' இருமல் மருந்தைக் குடித்த மத்தியப் பிரதேசக் குழந்தைகள் பலர் இறந்தார்கள். அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு கலந்திருந்தது. அது தயாரித்தவர் செய்த தவறு; லேபிளைப் படித்து நாம் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் நல்ல மருந்தை நாமே நஞ்சாக்காமல் இருக்கலாம் அல்லவா?

சந்தேகம் வந்தால் 104-க்குப் போன் போடுங்கள். இன்று வீட்டுக்குப் போனதும் அலமாரியில் இருக்கும் பாட்டிலை எடுத்து, அம்மாவுக்கும் அப்பாயிக்கும் லேபிளை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். நம்மைப் படிக்க வைத்தவர்களுக்கு நம் படிப்பு இப்படியும் உதவட்டும்.

– இரண்டாம் ஆண்டு, மெக்கானிக்கல்