அளவோடு ஒரு கிண்ணம்

திருப்பதி ரயில் பெட்டிப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது சித்தூரில் குடியிருக்கிறேன். ஏழுமலையான் ஊர்ப் பக்கம் இருந்துகொண்டு ஒயினைப் பற்றி எழுதுகிறாரே என்று சங்க அன்பர்கள் முகம் சுளிக்க வேண்டாம். திருமலையில் மதுவுக்கு இடமில்லை. அந்த விதிக்கு நானும் தலைவணங்குகிறவன். இது மலைக்குக் கீழே, வீட்டுக்குள் நடக்கும் சமாசாரம். நம்மவர்க்கு ஒயின் புதிதுமல்ல. யவனர் கொண்டுவந்த தேறலைப் புறநானூறு பேசுகிறது. 1945-இல் வீலர் அரிக்கமேட்டைத் தோண்டியபோது மத்தியதரைக்கடல் நாட்டு மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்தன.

சென்ற ஆண்டு என் மகன் ஒரு பாட்டில் சிவப்பு ஒயின் வாங்கி வந்தான். பெங்களூரை அடுத்த நந்தி மலை அடிவாரத்துத் திராட்சைத் தோட்டத்தினர் செய்தது. மேசைமேல் வைத்ததுமே என் மனைவி, "உங்க அண்ணனை மறந்துட்டீங்களா?" என்றாள்.

மறக்கவில்லை. சாராயத்தாலேயே நாற்பது வயதில் போனவர் அவர். நெல்லூர் மாவட்டத்துத் தூபகுண்டாப் பெண்கள் தொடங்கிய போராட்டம் பரவி, 1993-இல் ஆந்திரம் முழுவதும் சாராயம் தடை செய்யப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை.

ஒரு வாரம் பாட்டில் திறக்கப்படவில்லை. பிறகு அவள் சில நிபந்தனைகள் போட்டாள். பிள்ளைகள் கூடும் மாதம் ஒரு ஞாயிறு மட்டும். ஆளுக்கு 100 மில்லி. ஒளிவு மறைவின்றிக் கூடத்தில். புரட்டாசி மாதம் கிடையாது. மீதியை மகன் எடுத்துப் போய்விட வேண்டும். தக்கையை இறுக மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். பிறகு சுவை கெடும்.

'அறை வெப்பத்தில் அருந்துக' என்று புத்தகங்கள் சொல்லும். அது குளிர்நாட்டு அறை. 16 முதல் 18 டிகிரி. சித்தூர்க் கோடையில் அப்படியே ஊற்றினால் நெடிதான் மூக்கில் ஏறும். ஒன்றரை மணி நேரமாவது குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுங்கள். கிண்ணத்தில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றி, மெல்லச் சுழற்றி, முகர்ந்து, ஒரு வாய் எடுத்து நாக்கில் புரட்டுங்கள். கறுப்புத் திராட்சையின் சாற்றுக்கு நிறம் குறைவு; தோலோடு நொதிக்க வைப்பதால்தான் சிவப்பு வருகிறது. தோலிலும் கொட்டையிலும் உள்ள டானின்தான் துவர்ப்பு. பாக்கும் நெல்லிக்காயும் பழகிய நம் நாக்குக்கு அது அந்நியமல்ல. கூடவே ஆந்திரக் காரம் வேண்டாம். மிளகாய் எரிச்சலை மது கூட்டிவிடும். மிளகு தூவி வறுத்த ஆட்டுக்கறியோ, நெய்யில் வதக்கிய கத்தரிக்காயோ பொருந்தும்.

இதயத்துக்கு நல்லது என்று யாரும் மருந்தாகக் குடிக்காதீர்கள். பாதுகாப்பான அளவு என்று எதுவுமில்லை என உலக சுகாதார நிறுவனம் 2023-இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. குடிக்காதவர்கள் இதைப் படித்துத் தொடங்கவும் வேண்டாம்.

போன மாதம் என் மனைவி கிண்ணத்தை வாங்கி முகர்ந்து பார்த்தாள். "நாவல்பழ வாசனை வருதுங்க" என்றாள். குடிக்கவில்லை; திருப்பிக் கொடுத்துவிட்டாள். அளவுக் குவளை இன்றும் அவள் கையில்தான்.