அழிந்த குரலும் அவசரக் கையும்

போன் மாற்றியதும் பழைய படங்கள் எல்லாம் புதிய போனில் தானாக வந்துவிடுகின்றன. தாத்தா பேசியதைப் பதிவு செய்த ஆடியோ மட்டும் வருவதில்லை. கூகுள் போட்டோஸ் புகைப்படத்தையும் வீடியோவையும்தான் சேமிக்கும், ஆடியோவைத் தொடாது. ‘பேக்கப் ஆன்’ என்ற வரியைப் பார்த்துவிட்டு எல்லாம் பத்திரம் என்று இருந்துவிடுகிறோம். பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்த பிறகுதான் உண்மை தெரியவருகிறது.

பெரிய நிறுவனங்களிடம் இருந்தாலும் இதே கதைதான். மைஸ்பேஸ் தளத்தில் 2003 முதல் 2015 வரை ஏற்றப்பட்ட பாடல்கள் சர்வர் மாற்றத்தின்போது போய்விட்டன என்று அந்த நிறுவனமே 2019இல் ஒப்புக்கொண்டது. 5 கோடிக்கும் மேற்பட்ட பாடல்கள் என்று மதிப்பிட்டார்கள். அவற்றில் சுமார் 4,90,000 பாடல்களை இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இணையக் காப்பகம் பிறகு வெளியிட்டது. அவையும் ஆய்வுக்காக யாரோ முன்பே நகலெடுத்து வைத்திருந்ததால் தப்பியவை.

அழித்த கோப்பு உடனே மறைந்துவிடுவதில்லை என்பது பலருக்குத் தெரியாது. மெமரி கார்டின் உள் அட்டவணையில் ‘இந்த இடம் காலி’ என்று குறிப்பு மட்டும் மாறுகிறது. அதன்மேல் வேறொன்று எழுதப்படும்வரை ஒலி அங்கேயே கிடக்கும். சாதாரண ஃபார்மேட் செய்த கார்டிலும் பெரும்பாலும் இதே நிலைதான். ஆகவே பதிவு போய்விட்டது என்று தெரிந்த நிமிடமே ரெக்கார்டரை அணைத்து, கார்டை வெளியே எடுத்து வையுங்கள். நாட்டுப்புறப் பாடல் சேகரிக்கப் போன மாணவர், பாட்டு அழிந்த பதற்றத்தில் அதே கார்டில் அடுத்தவரைப் பதிவு செய்யத் தொடங்கினால், பழைய பாட்டை அவரே கையால் துடைக்கிறார் என்று பொருள்.

போனின் உள்நினைவகமும் எஸ்எஸ்டி வட்டும் வேறு ரகம். இன்றைய போன்களில் தரவு குறியாக்கம் செய்யப்பட்டே சேமிக்கப்படுகிறது. அழித்த இடத்தைச் சாதனமே பின்னணியில் சுத்தம் செய்துவிடுகிறது. அங்கே மீட்க வாய்ப்பு மிகக் குறைவு. அதனால் முதலில் குப்பைத்தொட்டியைப் பாருங்கள். ஐபோனின் வாய்ஸ் மெமோஸ், அழித்த பதிவை வழக்கமாக 30 நாள் தனியாக வைத்திருக்கும். வேறு சில ரெக்கார்டர் செயலிகளிலும் இந்த வசதி உண்டு. வாட்ஸ்அப் குரல்பதிவு என்றால் மறுமுனையில் இருப்பவரைக் கேளுங்கள். அவர் போனில் அது இன்னும் இருக்கலாம். ‘அழிந்த ஆடியோவை மீட்டுத் தருகிறோம்’ என்று எல்லா அனுமதியும் கேட்கும் செயலிகளை நம்பி இறக்காதீர்கள். இறக்குவதே மிச்சமிருக்கும் இடத்தில் எழுதும் வேலை. போனை ரூட் செய்து முழுக் கட்டுப்பாட்டையும் எடுத்தால் கிடைக்கும் என்பார்கள். அதற்காகப் போனைத் தொடக்கும் பூட்லோடரின் பூட்டைத் திறந்தாலே பெரும்பாலான போன்களில் எல்லாம் அழிந்துவிடும்.

மெமரி கார்டு, பென் டிரைவ் என்றால் வீட்டிலேயே முயலலாம். போட்டோரெக் இலவச மென்பொருள். பெயரில் போட்டோ இருந்தாலும் ஆடியோவையும் தேடி எடுக்கும். முதலில் கார்டு முழுவதையும் கணினியில் ஒரு நகலாக எடுத்துக்கொண்டு அந்த நகலில் தேடுவது உத்தமம். மீட்டதை அதே கார்டில் சேமிக்கவே கூடாது. பெயர், தேதி எல்லாம் பெரும்பாலும் போய், எண்களாக ஒரு குவியல் வரும். உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டுப் பிரிக்கும் பொறுமை வேண்டும்.

கோப்பு இருக்கிறது, திறக்கத்தான் மறுக்கிறது என்றால் மனம் தளர வேண்டாம். பதிவின் நடுவில் பேட்டரி தீர்ந்தால் இது நடக்கும். வேவ் கோப்பின் தலைப்பகுதியில் அதன் நீளம் எழுதப்பட்டிருக்கும்; பதிவு பாதியில் நின்றால் அந்த இடத்தில் தவறான எண் இருக்கலாம். ஆடாசிட்டி மென்பொருளில் ‘ரா டேட்டா’ முறையில் திறந்தால் உள்ளே இருக்கும் ஒலி பல நேரம் அப்படியே வந்துவிடும். எம்4ஏ கோப்பில் சிக்கல் கூடுதல்: எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைப் பல செயலிகள் கடைசியில்தான் எழுதுகின்றன. அதே போனில் அதே செயலியில் எடுத்த நல்ல பதிவு ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால், அன்ட்ரங்க் போன்ற மென்பொருள் சில சமயம் சரிசெய்துவிடும்.

ஹார்டு டிஸ்க் ‘டக் டக்’ என்று சத்தமிட்டால் மட்டும் எந்த மென்பொருளும் வேண்டாம். மின்சாரத்தைத் துண்டித்து, தரவு மீட்பு நிலையத்துக்குக் கொண்டுபோங்கள். கொடுக்கும் முன் சிலவற்றைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மூல வட்டில் வேலை செய்வார்களா, நகலிலா? மீட்க முடியாவிட்டால் கட்டணம் எவ்வளவு? வேலை முடிந்ததும் அவர்களிடம் உள்ள பிரதியை அழிப்பார்களா? பதிலை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தை நுகர்வோர் ஆணையத்தில் நிற்பது கடினம்.

சேவை மையப் படிவத்தில் ‘தரவுக்கு நாங்கள் பொறுப்பல்ல’ என்ற வரி வழக்கமாக இருக்கும். கையெழுத்துப் போட்டதாலேயே கவனக்குறைவான சேவைக்கு எதிராகப் புகார் செய்யும் உரிமை போய்விடாது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தொடங்கலாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 2 ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். ஆனால் கிடைத்தாலும் பணம்தான் கிடைக்கும். உங்கள் பதிவைத் திருடி மிரட்டினால் அது வேறு வழக்கு: 1930 என்ற சைபர் குற்ற எண்ணை அழையுங்கள்.

மிரட்டலோ லஞ்சப் பேரமோ பதிவான ஆடியோ என்றால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியம் என்ற சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுச் சான்றுக்குச் சான்றிதழ் கேட்கிறது. அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பையும், அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாளக் குறியீட்டையும், குறிப்பிட வேண்டும். இரைச்சலைக் குறைக்கலாமே என்று கோப்பைத் திருத்திச் சேமித்தால் அந்த மதிப்பு மாறிவிடும். பதிவு செய்த போனைத் தொடாமல் வைத்துக்கொண்டு வழக்கறிஞரைப் பாருங்கள்.

இனி சேமிப்பு. புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரப்பிய 3-2-1 கணக்கு போதும்: 3 பிரதி, 2 வகைச் சாதனம், 1 பிரதி வீட்டுக்கு வெளியே. செலவு பெரிதல்ல. 128 கேபிபிஎஸ் எம்பி3 ஒரு மணி நேரத்துக்கு 60 எம்பிகூட வராது. கூகுளின் இலவச 15 ஜிபியில் சுமார் 250 மணி நேரம் அடங்கும். அரிய பதிவை மட்டும் வேவ் வடிவிலேயே வையுங்கள். தானாக ஒத்திசையும் கிளவுடை பேக்கப் என்று எண்ண வேண்டாம்; போனில் அழித்தால் அங்கேயும் அழியலாம். கோப்பின் பெயரில் ஆள், ஊர், தேதி இருக்கட்டும்.

இந்த வாரமே கிளவுடில் உள்ள ஆடியோ ஒன்றை வேறொரு போனில் திறந்து, கடைசி நிமிடத்தை ஓடவிட்டுக் கேளுங்கள். ஓடாவிட்டால் உங்களிடம் பேக்கப் இல்லை.