காட்டாமணக்கு எண்ணெயில் பேருந்து எத்தனை நாள் ஓடும்?

திருவான்மியூர் பணிமனையிலிருந்து புறப்படும் மாநகரப் பேருந்துகளை நம் மாணவர்கள் அன்றாடம் பார்க்கிறார்கள். உயிரி எரிபொருள் பாடத்தை அங்கிருந்தே தொடங்கலாம். ஒரு ஹெக்டேரில், அதாவது ஏறத்தாழ இரண்டரை ஏக்கரில் காட்டாமணக்கு பயிரிட்டால், ஓர் ஆண்டில் கிடைக்கும் எண்ணெய் ஒரு பேருந்தை எத்தனை நாள் ஓட்டும்? விடையை முதலில் ஊகிக்கச் சொல்லுங்கள். ஊகங்களைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வையுங்கள். கணக்கைப் பிறகு போடுவோம்.

கிராமத்தில் வளர்ந்த ஆசிரியர்களுக்கு இச்செடியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆடு மாடு வாய் வைக்காது என்பதால் வேலியோரம் நடுவார்கள். இலைக்காம்பை ஒடித்து, வடியும் பாலை ஊதிக் குமிழி விட்டவர்கள் நம்மில் பலர் இருப்போம். ஆதாளை என்றும் இதற்குப் பெயர் உண்டு. ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்த இதன் தாயகம் மத்திய அமெரிக்கப் பகுதி. ஏரி, கால்வாய் ஓரங்களில் இளஞ்சிவப்புப் பூவுடன் மண்டிக் கிடக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கு முற்றிலும் வேறு. அது சர்க்கரைவள்ளிக் கிழங்கின் உறவு. சென்னை மாணவர்கள் பெரும்பாலும் அதைத்தான் பார்த்திருப்பார்கள்.

இந்த வேலிச் செடி 2000-க்குப் பிறகு திடீரெனப் புகழ் பெற்றது. 2002 டிசம்பர் 31 அன்று டெல்லி–அமிர்தசரஸ் சதாப்தி விரைவு ரயில் 5 விழுக்காடு உயிரி டீசல் கலந்த எரிபொருளில் சோதனையாக ஓடியது. 2003-இல் திட்டக் குழு அமைத்த குழு தன் அறிக்கையை அளித்தது. டீசலில் 20 விழுக்காடு உயிரி டீசல் கலக்க வேண்டும், அதற்கு 1 கோடி ஹெக்டேருக்கும் மேலான நிலத்தில் காட்டாமணக்கு வளர்க்க வேண்டும் என்பது அதன் எண்ணம். தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே ஏறத்தாழ 1.3 கோடி ஹெக்டேர்தான் என்பதை மாணவர்களுக்குச் சொன்னால் அந்தக் கனவின் அளவு புரியும். தரிசில் வளரும், தண்ணீர் கேட்காது, உணவுப் பயிருக்குப் போட்டியில்லை என்று சொல்லப்பட்டது. தமிழ்நாட்டிலும் மானியமும் ஒப்பந்தச் சாகுபடியும் வந்தன. மானாவாரி நிலம் வைத்திருந்த பலர் நம்பி நட்டார்கள்.

இனி கணக்கு. செடிக்குச் செடி 2 மீட்டர் இடைவெளி விட்டால் ஒரு ஹெக்டேரில் 2,500 செடிகள். செடிக்கு 2 கிலோ விதை என்றால் 5 டன். அந்நாளில் பேசப்பட்ட 5 டன் விளைச்சலுக்கு இந்தப் பெருக்கல் போதும். எடையில் 30 விழுக்காடு எண்ணெய் என்று கொண்டால் 1,500 கிலோ, அதாவது ஏறத்தாழ 1,630 லிட்டர். பேருந்து லிட்டருக்கு 4 கி.மீ. ஓடுகிறது, நாளொன்றுக்கு 200 கி.மீ. செல்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 50 லிட்டர் வேண்டும். 32 நாள் ஓடும்.

இப்போது ஒரே ஓர் எண்ணை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். விளைச்சல் 5 டன் அல்ல, அரை டன். பேருந்து மூன்று நாளில் நின்றுவிடும்!

வயலில் நடந்தது இந்த இரண்டாவது கணக்குக்கே நெருக்கமானது. தமிழ்நாட்டு வயல்களை ஆராய்ந்த பெரே அரிசா மொன்டோபியோ, சரத்சந்திர லேலே ஆகியோர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், விளைச்சல் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு என்றும், இனி கட்டுப்படியாகுமா என்பதும் தண்ணீர் வசதியையே பொறுத்தது என்றும் கண்டனர். இழப்பு ஏழை விவசாயிகளுக்கே அதிகம் என்றும் எழுதினர்.

ஏன் இப்படி ஆயிற்று? மாணவர்கள் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி இது. வறண்ட நிலத்தில் காட்டாமணக்கு சாகாது என்பது உண்மை. ஆனால் உயிரோடு இருப்பது வேறு, காய்ப்பது வேறு. நீர் குறைந்தால் இலையை உதிர்த்துவிட்டுச் செடி தன்னைக் காத்துக்கொள்ளும். விதைக்குச் செலவிட அதனிடம் எதுவும் மிஞ்சாது. ஒரு பூங்கொத்தில் ஆண் பூக்களே மிகுதி, காயாகும் பெண் பூக்கள் சிலவே. நெல்லையும் கடலையையும் போலப் பல தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துப் பண்படுத்திய பயிரும் அல்ல இது. காய்கள் ஒரே நேரத்தில் முற்றாததால் பலமுறை ஆள் வைத்துப் பறிக்க வேண்டும், கூலியே விதையின் விலையை விழுங்கும். தண்ணீர் பாய்ச்சினால் விளைச்சல் கூடும்தான். ஆனால் அந்தத் தண்ணீர் இருந்தால் விவசாயி கடலை போடமாட்டாரா? கடலையில் பருப்பும் கிடைக்கும், மாட்டுக்குக் கொடியும் கிடைக்கும். காட்டாமணக்குப் பிண்ணாக்கோ நச்சு. எருவாகுமே தவிரத் தீவனமாகாது. ‘தரிசு’ என்று பதிவேட்டில் இருப்பதும் பல ஊர்களில் மேய்ச்சல் நிலம்தான்.

எண்ணெயின் மீது குற்றமில்லை. 2018 ஆகஸ்ட் 27 அன்று டேராடூனிலிருந்து டெல்லிக்குச் சென்ற விமானத்தின் எரிபொருளில் காட்டாமணக்கு எண்ணெயிலிருந்து எடுத்த எரிபொருளும் கலந்திருந்தது. டீசலாக மாற்றும் வேதியியலும் எளியதே. எண்ணெயுடன் மெத்தனாலைச் சேர்த்து, சோடியம் ஹைட்ராக்சைடை வினையூக்கியாக இட்டுச் சூடாக்கினால், மேலே உயிரி டீசலும் அடியில் கிளிசராலும் பிரியும். மெத்தனால் நச்சுத்தன்மை உடையது, எளிதில் தீப்பற்றும். எனவே இதை வகுப்பறையில் செய்து காட்ட வேண்டாம்.

செயல்திட்டத்துக்காக விதை சேகரித்து வரச் சொல்வதும் கூடாது. விதை கடலைபோலச் சுவையாக இருப்பதால் பிள்ளைகள் தின்றுவிட்டு வாந்தி, வயிற்றுப்போக்குடன் மருத்துவமனைக்குப் போகும் செய்திகள் நம் மாநிலத்தில் திரும்பத் திரும்ப வருகின்றன. பள்ளி வேலியில் இச்செடி இருந்தால் அகற்றிவிடுவது நல்லது. யாரேனும் தின்றுவிட்டால் உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்க முயலாமல் உடனே 108-ஐ அழையுங்கள். தின்ற விதையில் ஒன்றிரண்டை மருத்துவரிடம் காட்ட எடுத்துச் செல்லுங்கள்.

செயல்திட்டம் வேண்டுமென்றால் திருவான்மியூர் மாணவருக்கு வேறொரு எண்ணெய் பக்கத்திலேயே இருக்கிறது. 2018-இன் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, பொரித்துப் பயன்படுத்திய சமையல் எண்ணெயையும் மூலப்பொருளாக ஏற்றது. அதே ஆண்டு, பொரித்த எண்ணெயில் மொத்த முனைவுச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டினால் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதியும் நடைமுறைக்கு வந்தது. கடற்கரை பஜ்ஜிக் கடையில், தெருமுனை உணவகத்தில், தங்கள் வீட்டில் ஒரு வாரத்துக்கு எவ்வளவு எண்ணெய் மிஞ்சுகிறது, அது எங்கே போகிறது என்று மாணவர்கள் கேட்டு எழுதி வரட்டும். கிடைக்கும் லிட்டரை 50-ஆல் வகுத்து, கரும்பலகையில் காட்டாமணக்கின் மூன்று நாளுக்குப் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.