வலையில் விழும் வளாகங்கள் – 6: இரண்டு மெயில், முப்பது பிட்காயின்

நெதர்லாந்தின் தென்கோடியில் இருக்கிறது மாஸ்ட்ரிக்ட். யூரோ நாணயத்துக்கு வழிவகுத்த ஒப்பந்தம் 1992இல் கையெழுத்தானது இந்த ஊரில்தான். இங்குள்ள பல்கலைக்கழகம் 2019 டிசம்பர் 30 அன்று திருடர்களுக்குப் பணம் கட்டியது. அவர்களுக்கு யூரோ வேண்டியிருக்கவில்லை. 30 பிட்காயின் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அன்றைய மதிப்பில் சுமார் 2 லட்சம் யூரோ.

பணயத்தொகை கட்டிய பல்கலைக்கழகங்கள் அதற்கு முன்பும் உண்டு. பொதுவாக இத்தகைய விஷயங்கள் கமுக்கமாக முடிந்துவிடும். மாஸ்ட்ரிக்ட்காரர்கள் 2020 பிப்ரவரி 5 அன்று கருத்தரங்கு கூட்டி, நடந்ததை ஊரறியச் சொன்னார்கள். ஃபாக்ஸ்-ஐடி என்ற பாதுகாப்பு நிறுவனம் நடத்திய விசாரணையின் முடிவுகளையும் வெளியிட்டார்கள். அதனால்தான் இந்தக் கதையைத் தேதிவாரியாகச் சொல்ல முடிகிறது.

2019 அக்டோபர் 15, 16. அடுத்தடுத்த இரண்டு நாட்களில், இரண்டு கணினிகளில், இரண்டு மெயில்கள் திறக்கப்பட்டன. உள்ளே ஒரு லிங்க். அதைத் தொட்டால் ஓர் எக்செல் கோப்பு. அந்தக் கோப்புக்குள் மேக்ரோ. மேக்ரோ என்பது திரும்பத் திரும்பச் செய்யும் வேலைகளைத் தானாகச் செய்துமுடிக்க எழுதப்படும் சின்ன நிரல். கணக்குப் பிரிவில் இருப்பவர்களுக்குப் பழக்கமான சங்கதி. இந்த மேக்ரோ செய்த வேலை, வெளியிலிருந்து ஒரு நாசகார மென்பொருளை இறக்கி உட்காரவைப்பது. திறந்தவர்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. திரை கறுக்கவில்லை.

அடுத்த ஐந்து வாரங்களும் திருடர்கள் அவசரப்படவில்லை. ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து மற்றொன்றுக்கு என்று நகர்ந்தார்கள். நவம்பர் 21 அன்று பாதுகாப்பு அப்டேட் போடப்படாத ஒரு சர்வர் கையில் சிக்கியது. அதன் வழியாக மொத்த நெட்வொர்க்கின் நிர்வாக அதிகாரமும் அவர்கள் வசமானது. ஆனாலும் பொறுத்திருந்தார்கள். டிசம்பர் 23, கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு, ‘க்ளாப்’ என்ற ரான்சம்வேரை, அதாவது கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் நிரலை, ஏவினார்கள். 267 சர்வர்களில் இருந்தவை பூட்டப்பட்டன. விடுமுறையில் யார் இருப்பார்கள் என்று நாள் பார்த்துச் செய்ததாகவே எனக்குப் படுகிறது.

பேக்கப் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது, அதில் ஒரு பகுதி அதே நெட்வொர்க்கில் இருந்தது. மாற்றுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துக் கதவைச் சாத்திய கதை. ஆய்வேடு எழுதிக்கொண்டிருப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம். எப்போதும் கணினியில் செருகியே இருக்கும் வன்தட்டை ரான்சம்வேர் விட்டுவைக்காது. நகலெடுத்ததும் கழற்றி அலமாரியில் வையுங்கள்.

‘தெரியாதவர் அனுப்பிய மெயிலைத் திறக்காதீர்கள்’ என்று எல்லா வளாகங்களிலும் சுவரொட்டி ஒட்டுகிறார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. சேர்க்கைப் பிரிவில் இருப்பவருக்குத் தெரியாதவர்களின் மெயிலைத் திறப்பதுதான் உத்தியோகம். மாஸ்ட்ரிக்ட் மாணவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வெளிநாட்டினர். அங்கே முன்பின் அறியாத பெயர்களிலிருந்து மெயில் வராத நாள் எது? ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் 2018 நவம்பரில் நடந்தது இன்னும் மோசம். ஒரு மூத்த அலுவலருக்கு வந்த மெயிலை முன்னோட்டத்தில் பார்த்த அளவிலேயே கடவுச்சொல் களவுபோனது. எதையும் தொடக்கூட இல்லை. ஆட்கள் உள்ளே புகுந்து போனது 2019இல்தான் தெரியவந்தது. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் பிரையன் ஷ்மிட் அப்போது துணைவேந்தர். அவரது பல்கலைக்கழகமும் விரிவான அறிக்கையைப் பகிரங்கமாக வெளியிட்டது.

ஆகவே, யாரோ ஒருவர் என்றைக்காவது தொடத்தான் போகிறார். மாஸ்ட்ரிக்டில் தொட்டதற்கும் பூட்டியதற்கும் நடுவே இரண்டு மாதத்துக்கு மேல் கிடைத்தது. கணினி மையத்துக்கு ஒரு போன் போதும் அந்த அவகாசத்தைப் பயன்படுத்த. சந்தேகம் வந்த கணத்தில் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கி, வைஃபையை அணைத்து, வேறொரு கணினியிலிருந்து கடவுச்சொல்லை மாற்றி, உடனே சொல்லிவிட வேண்டும். ஆனால் ‘உன்னை யார் திறக்கச் சொன்னது?’ என்று சீறும் அலுவலகத்தில் எந்தத் தற்காலிக ஊழியர் வாய் திறப்பார்? எந்த முதலாண்டு மாணவி போய்ச் சொல்வாள்? பல லட்சம் செலவழித்துப் பாதுகாப்பு மென்பொருள் வாங்கும் நிர்வாகங்கள், சொல்ல வந்தவரை உட்காரவைத்துக் கேட்பதில் கஞ்சத்தனம் காட்டுகின்றன.

பணம் கட்டியது சரியா? திருடனுக்குக் கொடுத்தால் அடுத்த வீட்டுக்கும் போவான் என்பது வலுவான வாதம். மறுபக்கம், எல்லாவற்றையும் புதிதாக எழுப்ப மாதக்கணக்காகும் என்று கணக்கிட்டார்கள். ஜனவரியில் தேர்வுகள் காத்திருந்தன. கட்டினார்கள், திறவுகோல் வந்தது, தேர்வும் நடந்தது. நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும் அநேகமாகக் கட்டியிருப்பேன்.

இதற்குப் பின்கதை ஒன்று உண்டு. நெதர்லாந்து போலீஸ் அந்தப் பிட்காயின்களின் தடம்பிடித்துப் போய், உக்ரைனைச் சேர்ந்த ஒரு பணச்சலவைக்காரரின் கணக்கை 2020இல் முடக்கியது. பணயத்தொகையில் ஒரு பங்கு அதில் இருந்தது; கட்டிய நாளின் மதிப்பில் 40,000 யூரோ. சட்ட நடைமுறைகள் முடிந்து 2022இல் அது திரும்பக் கிடைக்கும் நிலை வந்தபோது, கிரிப்டோ விலையேற்றத்தால் மதிப்பு சுமார் 5 லட்சம் யூரோ ஆகியிருந்தது. கட்டியதைவிட இரண்டு மடங்குக்கும் மேல்! மொத்த நஷ்டம் இதைவிட அதிகம் என்றது பல்கலைக்கழகம். இருந்தும் அந்தப் பணத்தைப் பொதுக் கணக்கில் சேர்க்காமல், பணமுடையில் இருக்கும் மாணவர்களுக்கான நிதிக்கு ஒதுக்கியது.

(தொடரும்)