இழுத்தாலும் குறை, முடித்தாலும் குறை!

தொடர்கதை வாசகரைத் திருப்தி செய்வது எளிதா? கதை மெல்ல நகர்ந்தால், ‘இழுக்கிறார்’ என்பார். ஓடினால், ‘அதற்குள் முடித்துவிட்டாரே’ என்பார். தியாகதுருகத்தில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் கைப்பேசியில் தொடர்கதை படிப்பவரும் இப்படித்தான்.

1950 அக்டோபரில் ‘கல்கி’ பத்திரிகையில் ‘பொன்னியின் செல்வன்’ ஆரம்பமாயிற்று. முதல் பக்கங்களில் வாள் வீச்சு இல்லை. ஆடிப்பெருக்கு நாள், வீரநாராயண ஏரி, கரையோரம் நிதானமாகச் செல்லும் ஒரு குதிரை. ஆனாலும் ஏரிக் காற்று வாசகர் முகத்தில் வீசியது! தியாகதுருகத்துக்கு அருகிலுள்ள திருக்கோவலூரின் மலையமானும் கதையில் வருகிறார். ஆகவே இந்தப் பக்கத்தாருக்கு அது அயலூர்க் கதையன்று.

சுமார் மூன்றரை ஆண்டுகள் நடந்த கதை 1954இல் முடிந்தது. அப்போது வாசகர்கள் சொன்ன குறை என்ன தெரியுமா? கதை சட்டென்று முடிந்துவிட்டது என்பதுதான்! இன்னார் பிறகு என்ன ஆனார் என்று கேட்டவர்களுக்கு, கல்கி முடிவுரை எழுதிப் பதில் சொன்னார். ஆதித்த கரிகாலனைக் கொன்ற கை எது என்பதை மட்டும் வாசகர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள்.

இப்போது வாசகர் கருத்து நொடியில் வந்துவிடுகிறது. அதைக் கண்டு அஞ்சிக் கதையை விரட்டும் எழுத்தாளர்கள் அந்த ஏரிக்கரையைச் சற்றே நினைத்துப் பார்க்கட்டும். வழியில் பார்க்க ஏதேனும் இருந்தால், மெல்ல நடக்க வாசகர் சம்மதிப்பார்.